36 மாதங்களை எங்கே செலவழிப்பது?

கேள்வி: வணக்கம் மேடம். நான் விருதுநகர்க்காரன். ஊரில் பி.இ. மெக்கானிக்கல் முடித்துவிட்டு 2010-இல் மாணவர் விசாவில் டெக்சாஸ் வந்தேன். எம்.எஸ். பாதியில் இருக்கும்போது, 2013-இல், டாலஸில் விசாவில் இருப்பவர்களையும் சேர்த்துக்கொண்ட மாவ்னி திட்டத்தின் மூலம் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தேன். ஐந்து வருடம் சப்ளை பிரிவில் வேலை பார்த்தேன். 2018-இல் ஹானரபிள் டிஸ்சார்ஜ், அதாவது நன்னடத்தைச் சான்றோடு விடுவிப்பு. இப்போது சான் அன்டோனியோவில் ஒரு கிடங்கில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். முதுகுவலிக்கு வி.ஏ. (முன்னாள் படைவீரர் நலத்துறை) 30 சதவீத உடல் பாதிப்பு மதிப்பீடு கொடுத்திருக்கிறது. படைவீரர்களுக்கான கல்விச் சலுகையான ஜி.ஐ. பில்லை இதுவரை தொடவே இல்லை. பத்து வருடத்தில் போய்விடும் என்கிறார்கள். ஒரு ஆன்லைன் கல்லூரியிலிருந்து தினமும் போன் வருகிறது. 'உங்கள் கையிலிருந்து ஒரு டாலர் வேண்டாம், எம்.பி.ஏ. சேருங்கள்' என்கிறார்கள். சேரலாமா? இல்லை, சலுகையை மனைவிக்கோ ஆறு வயது மகளுக்கோ மாற்றிக் கொடுத்துவிடலாமா? 38 வயதில் இலவசப் பணத்தில் படிக்கப் போவது கூச்சமாகவும் இருக்கிறது.

பதில்: நண்பருக்கு வணக்கம்.

முதலில் உங்களை அவசரப்படுத்துகிற விஷயத்தை முடித்துவிடுவோம். உங்கள் ஜி.ஐ. பில் 2028-இல் போகாது. அதற்குப் பிறகும் போகாது. 2013 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு படையிலிருந்து வெளியே வந்தவர்களுக்கு, 9/11-க்குப் பிந்தைய ஜி.ஐ. பில்லைப் பயன்படுத்தக் காலக்கெடுவே இல்லை. 2017-இல் வந்த சட்டம் அதை எடுத்துவிட்டது. 'ஃபாரெவர் ஜி.ஐ. பில்' என்று பேச்சில் சொல்வது அதைத்தான். உங்கள் நண்பர்கள் சொல்லும் பத்து வருடம், பழைய மான்ட்கோமரி ஜி.ஐ. பில்லின் கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்களை நான் வாராவாரம் பார்க்கிறேன். கல்லூரி ஒன்றில் முன்னாள் படைவீரர்களுக்கான ஆலோசகராக நான் செய்யும் வேலையில் பாதி இந்தக் குழப்பத்தைத் தெளியவைப்பதுதான். ஆகவே அந்தப் போன்காரர் "இந்த மாதத்துக்குள் சேர வேண்டும்" என்று சொன்னால், அது அவருடைய அவசரம். உங்களுடையது இல்லை.

இப்போது உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். முழுநேரப் படைப்பணி 36 மாதத்தைத் தாண்டியவர்களுக்குச் சலுகை நூறு சதவீதம். நீங்கள் ஐந்து வருடம் இருந்திருக்கிறீர்கள். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் மாநிலத்தவர் கட்டும் கல்விக் கட்டணம் முழுவதையும் வி.ஏ. நேரடியாகக் கல்லூரிக்கே கட்டிவிடும். தனியார் கல்லூரி என்றால் ஓர் உச்சவரம்பு உண்டு. 2025-26 கல்வியாண்டில் அது ஏறத்தாழ 29,900 டாலர். அதற்கு மேல் கட்டணம் இருந்தால், கல்லூரியும் வி.ஏ.-வும் மீதியைப் பகிர்ந்துகொள்ளும் எல்லோ ரிப்பன் திட்டத்தில் அந்தக் கல்லூரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புத்தகத்துக்கு வருடம் ஆயிரம் டாலர் வரை கிடைக்கும். இவை தவிர மாதாமாதம் வீட்டு வாடகைப் பணம். எதற்கும் வருமான வரி கிடையாது.

இதையெல்லாம் அந்தப் போன்காரரும் உங்களிடம் சொல்லியிருப்பார். அவர் சொல்லியிருக்க வாய்ப்பில்லாத ஒன்றை நான் சொல்கிறேன். ஜி.ஐ. பில்லை அரசு டாலரில் அளப்பதில்லை, மாதத்தில் அளக்கிறது. உங்களுக்கு இருப்பது 36 மாதம். ஒரு கல்வியாண்டு முழுநேரம் படித்தால் ஏறக்குறைய 9 மாதம் கழியும். வருடம் 3,000 டாலர் கட்டணம் வாங்கும் சமுதாயக் கல்லூரியில் படித்தாலும் 9 மாதம், 30,000 டாலர் வாங்கும் இடத்தில் படித்தாலும் அதே 9 மாதம். கல்லூரி மலிவு என்பதற்காக மாதங்கள் மெதுவாகக் கரையாது. அதனால் "எந்தக் கல்லூரி இலவசம்?" என்பது உங்களுக்குப் பயன்படாத கேள்வி. உங்களுக்கு அநேகமாக எல்லாமே இலவசம்தான். இந்த 36 மாதத்தைக் கொடுத்து எதை வாங்கப்போகிறேன் என்று கேளுங்கள்.

அந்த ஆன்லைன் எம்.பி.ஏ.-வை இந்தக் கண்ணோடு பாருங்கள். வகுப்புகள் எல்லாமே ஆன்லைன் என்றால், வாடகைப் பணம் நாட்டின் சராசரியில் பாதிதான் வரும். மாதம் ஆயிரத்துச் சொச்சம் டாலர். ஒரே ஒரு பாடத்தையாவது கல்லூரிக்குப் போய் உட்கார்ந்து படித்தால் கணக்கே மாறிவிடும். அந்தக் கல்லூரி இருக்கும் இடத்துக்கு, குடும்பத்தோடு இருக்கும் இ-5 பதவிக்காரருக்குப் படையில் என்ன வாடகைப்படி உண்டோ, அந்த விகிதத்தில் தருவார்கள். சான் அன்டோனியோவில் அது ஆன்லைன் தொகையைவிடக் கணிசமாக அதிகம். மாலை வகுப்பு ஒன்றுக்குப் போய்வருவதால் மாதாமாதம் வரும் வித்தியாசம் உங்கள் காரின் தவணையைக் கட்டிவிடும்.

ஏன் தினமும் போன் செய்கிறார்கள்? இதற்கு ஒரு வரலாறு உண்டு. லாப நோக்கில் நடக்கும் கல்லூரிகள், தங்கள் வருமானத்தில் 90 சதவீதத்துக்கு மேல் மத்திய அரசின் மாணவர் உதவிப் பணத்திலிருந்து வாங்கக் கூடாது என்று ஒரு விதி. ஆனால் ஜி.ஐ. பில் பணம் அந்த 90-க்குள் சேராமல் வெளியே நின்றது. ஆக, முன்னாள் வீரர் ஒருவர் கொண்டுவரும் ஒவ்வொரு டாலரையும் மிச்சப் பத்தில் காட்டிவிட்டு, அதன் பலத்தில் இன்னும் ஒன்பது டாலர் அரசு உதவியை மற்ற மாணவர்கள் வழியாக வாங்க முடிந்தது. படைவீரர்களைத் துரத்தித் துரத்திச் சேர்த்ததற்கு இதுவே பெரிய காரணம். 2021-இல் சட்டத்தைத் திருத்தி, 2023 முதல் அந்த ஓட்டையை அடைத்தார்கள். அதற்குள் நிறையப் பேர் அடிபட்டுவிட்டார்கள். கொரிந்தியன் கல்லூரிகள் 2015-இலும், ஐ.டி.டி. டெக் 2016-இலும் திடீரென்று மூடப்பட்டபோது, படித்துக்கொண்டிருந்த முன்னாள் வீரர்கள் பட்டமும் இல்லாமல், செலவான மாதங்களும் திரும்பாமல் நின்றார்கள். கல்லூரி மூடிப்போனால் மாதங்களைத் திருப்பித் தர வழி செய்ததும் அந்த 2017 சட்டம்தான். உங்களைக் கூப்பிடும் கல்லூரி நல்லதாகவே இருக்கலாம். இருந்தாலும் வி.ஏ. இணையதளத்தில் ஜி.ஐ. பில் ஒப்பீட்டுக் கருவி என்று ஒன்று இருக்கிறது. அதில் அந்தக் கல்லூரியின் பெயரைப் போட்டு, எத்தனை புகார், எத்தனை பேர் படிப்பை முடிக்கிறார்கள், எச்சரிக்கைக் குறி ஏதும் உண்டா என்று பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன். முதுகுக்கு 30 சதவீதம். கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான்.

ராணுவப் பணியால் வந்த உடல் பாதிப்புக்கு 20 சதவீதமோ அதற்கு மேலோ மதிப்பீடு இருந்து, அந்தப் பாதிப்பு வேலைக்கு இடைஞ்சலாக இருந்தால், வி.ஏ.-வின் தொழில் மறுவாழ்வுத் திட்டத்துக்கு நீங்கள் விண்ணப்பிக்கலாம். எல்லோரும் 'வோக் ரீஹாப்' என்பார்கள். காகிதத்தில் 31-ஆம் அத்தியாயம். இதுவும் கல்லூரிக் கட்டணம் கட்டும். தனியார் கல்லூரிக்கு ஜி.ஐ. பில்லில் இருக்கிற உச்சவரம்பு இதில் இல்லை. புத்தகம், படிப்புக்குத் தேவைப்பட்டால் கணினி, கருவிகள் எல்லாம் வரும். உங்களிடம் ஜி.ஐ. பில் மாதங்கள் மிச்சம் இருப்பதால், வோக் ரீஹாபில் படித்துக்கொண்டே மாதச் செலவுக்கு மட்டும் ஜி.ஐ. பில் விகிதத்தில் பணம் கேட்டு வாங்கலாம். 2013-க்குப் பின் வெளியே வந்தவர் என்பதால் இதற்கும் உங்களுக்குக் காலக்கெடு இல்லை.

வரிசைதான் இங்கே எல்லாம். வோக் ரீஹாபை முதலில் பயன்படுத்தினால் ஜி.ஐ. பில்லின் 36 மாதத்தில் ஒரு நாள்கூடக் குறையாது. ஜி.ஐ. பில்லை முதலில் தீர்த்துவிட்டு வோக் ரீஹாபுக்குப் போனால், அங்கே உள்ள 48 மாதத்தில் நீங்கள் செலவழித்த 36-ஐக் கழித்துவிட்டு 12 தான் சாதாரணமாகக் கிடைக்கும். இரண்டு கதவும் திறந்திருக்கிறது. முதலில் எந்தக் கதவில் நுழைகிறீர்கள் என்பதில் 36 மாதப் படிப்பு நிற்கிறது. இது தெரியாமல் முதல் வாரத்திலேயே ஜி.ஐ. பில்லைத் தொட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கும்.

வோக் ரீஹாப் தானாகக் கிடைக்காது. ஓர் ஆலோசகரை நேரில் சந்தித்து, இந்தப் படிப்பு இந்த வேலைக்கு, இந்த வேலை என் உடம்புக்கு ஒத்துவரும் என்று காட்ட வேண்டும். "உங்களிடம்தான் பி.இ. இருக்கிறதே, எதற்கு இன்னொரு பட்டம்?" என்று நிச்சயம் கேட்பார். அதற்கு நேர்மையான பதில் உங்களிடம் இருக்கிறது. அந்தப் பட்டம் இங்கே இன்னும் பொறியாளர் வேலை எதையும் வாங்கித் தரவில்லை. கிடைத்த கிடங்கு வேலையில் நிற்பதும் தூக்குவதும் முதுகைக் கெடுக்கிறது. எந்த வேலையைச் செய்யும்போது வலி வருகிறது, எத்தனை நாள் லீவு போட நேர்ந்தது என்று தேதியோடு குறித்துக்கொண்டு போங்கள். முதுகைப் பார்க்கும் டாக்டரின் குறிப்பும் இருந்தால் நல்லது.

எதைப் படிப்பது? எம்.பி.ஏ. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் போனில் ஒருவர் விற்றதால் மட்டும் எம்.பி.ஏ. என்றால் வேண்டாம் என்பேன். மெக்கானிக்கல் பட்டம், ஐந்து வருட ராணுவச் சப்ளை அனுபவம், இப்போது கிடங்கு மேற்பார்வை. இவை மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன: தொழிற்சாலைப் பொறியியல் அல்லது சப்ளை செயின் துறையில் ஒரு முதுகலை. நீங்கள் இருக்கும் ஊரில் டொயோட்டா டிரக் ஆலை இருக்கிறது, பெரிய ராணுவத் தளங்கள் இருக்கின்றன. பொருளைத் தூக்காமல் பொருள் போகும் வழியைத் திட்டமிடுகிறவர்கள் அந்த ஊருக்கு எப்போதும் வேண்டும். 2013-இல் விட்டுவந்த எம்.எஸ். கிரெடிட்டுகளையும் (முடித்த பாடங்களின் அலகுகள்) மறந்துவிடாதீர்கள். பழைய கிரெடிட்டுகளை ஏற்பதற்குப் பல பல்கலைக்கழகங்கள் வருட வரம்பு வைத்திருக்கும். ஆனாலும் கேட்பதற்குக் காசு இல்லை. பி.இ. மதிப்பெண் பட்டியலுக்கு இங்கே மதிப்பீட்டு அறிக்கை கேட்பார்கள். விருதுநகரில் யாராவது கல்லூரிக்குப் போய் டிரான்ஸ்கிரிப்ட் வாங்கி அனுப்ப வேண்டியிருக்கும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம், ஆகவே இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

மனைவிக்கு மாற்றிக் கொடுப்பது பற்றி. வருத்தமான பதில்தான்: முடியாது. ஜி.ஐ. பில்லைக் குடும்பத்துக்கு மாற்றுவது, சீருடையில் இருக்கும்போதே செய்ய வேண்டிய காரியம். ஆறு வருடம் முடித்திருக்க வேண்டும், மேலும் நான்கு வருடம் இருப்பதாகக் கையெழுத்திட வேண்டும். நீங்கள் ஐந்தாவது வருடம் வெளியே வந்துவிட்டதால் அந்த வாய்ப்பே உங்களுக்கு வந்திருக்காது. அதனால் எதையோ கோட்டைவிட்டோம் என்று நினைக்காதீர்கள். உங்கள் மனைவி க்ரீன் கார்டு வைத்திருப்பவராகவோ குடியுரிமை பெற்றவராகவோ இருந்து, இளங்கலைப் பட்டம் இன்னும் வாங்காதவர் என்றால், அவர் தனியாக மத்திய மாணவர் உதவிக்கு விண்ணப்பிக்கட்டும். வருமானத்தைப் பொறுத்து, 2025-26-இல் அதிகபட்சம் 7,395 டாலர் வரை பெல் உதவித்தொகை கிடைக்கலாம். உங்கள் ஜி.ஐ. பில் பணத்தை அதில் குடும்ப வருமானமாகக் கணக்கிட மாட்டார்கள்.

மகளுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. டெக்சாஸ் மாநிலத்துக்கென்று ஹேசல்வுட் சட்டம் ஒன்று உண்டு. படையில் சேரும்போது டெக்சாஸில் சேர்ந்தவர், அல்லது டெக்சாஸைச் சொந்த மாநிலமாகப் பதிவு செய்தவர், அல்லது அப்போது டெக்சாஸில் குடியிருந்தவர், இவர்களில் யாராக இருந்தாலும் மாநில அரசுக் கல்லூரிகளில் 150 கிரெடிட் வரை கல்விக் கட்டணம் இல்லாமல் படிக்கலாம். பயிற்சிக் காலம் போக 181 நாளாவது முழுநேரப் பணி இருக்க வேண்டும். நீங்கள் டாலஸில் சேர்ந்தவர். படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிடி-214 தாளில் சேர்ந்த இடம் என்ன என்று எழுதியிருக்கிறது பாருங்கள். நீங்கள் பயன்படுத்தாத கிரெடிட்டுகளை ஒரு பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கலாம். படையை விட்டு வந்த பிறகும் கொடுக்கலாம் என்பதுதான் இதன் அழகு. பிள்ளை 25 வயதுக்குள் இருக்க வேண்டும், நீங்களும் டெக்சாஸில் குடியிருக்க வேண்டும். ஓர் இளங்கலைப் பட்டத்துக்குச் சுமார் 120 கிரெடிட் போதும். ஆகவே உங்கள் படிப்புக்கு ஹேசல்வுட்டைத் தொடாதீர்கள், மகளுக்கு அப்படியே வைத்திருங்கள். அவள் கல்லூரிக்குப் போக இன்னும் பன்னிரண்டு வருடம் இருக்கிறது. அதற்குள் மாநிலச் சட்டமன்றம் விதியை மாற்றலாம். அதனால் இதை மட்டும் நம்பாமல் கொஞ்சம் சேமிக்கவும் செய்யுங்கள்.

இனி, சேர்ந்த பிறகு மாணவர்கள் தடுக்கி விழும் இடங்கள். வாடகைப் பணம் வர வேண்டுமானால் பாதி நேரத்துக்கு மேல் படிக்க வேண்டும். 12 கிரெடிட் முழுநேரம் என்று வைத்துக்கொள்வோம். 6 எடுத்தால் வாடகைப் பணம் பூஜ்யம், 7 எடுத்தால் 60 சதவீதம். ஒரே ஒரு கிரெடிட்டில் இவ்வளவு. முதுகலையில் எத்தனை கிரெடிட் முழுநேரம் என்பதைக் கல்லூரிதான் முடிவு செய்யும், சேரும் முன்பே கேளுங்கள். பணம் மாதம் முடிந்த பிறகுதான் வரும். ஆகஸ்ட் கடைசியில் வகுப்பு தொடங்கினால் முதல் முழு மாதப் பணத்தை அக்டோபரில்தான் பார்ப்பீர்கள். டிசம்பர் விடுமுறையில் வகுப்பு இல்லாத நாள்களுக்குப் பணமும் இல்லை. குறைந்தது இரண்டு மாதச் செலவுக்குக் கையில் வைத்துக்கொள்ளாமல் வேலையை விடாதீர்கள். ஒவ்வொரு மாதமும் "இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்" என்று வி.ஏ.-வுக்கு உறுதி சொல்ல வேண்டும். குறுஞ்செய்தியில் முடிந்துவிடும் வேலை. இரண்டு மாதம் மறந்தால் பணத்தை நிறுத்திவிடுவார்கள். பருவத்தின் நடுவில் ஒரு பாடத்தைக் கைவிட்டால், வாங்கிய வாடகைப் பணத்தில் ஒரு பகுதி கடனாகத் திரும்பி வரும். முதுகுவலி முற்றியதாலோ, வேலை நேரம் மாறியதாலோ விட நேர்ந்தால் அந்தக் காரணத்தை ஆவணத்தோடு சொல்லுங்கள், கேட்பார்கள். எந்தப் பாடத்தையும் விடுவதற்கு முன்பு, கல்லூரியில் ஜி.ஐ. பில் பதிவுகளைச் சான்றளிக்கும் அதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கூச்சம் பற்றி எழுதியிருந்தீர்கள். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் ஊரிலிருந்து வந்து படையில் சேர்ந்தவர்கள் பலர் இதையே சொல்கிறார்கள். மாவ்னி திட்டம், அமெரிக்க ராணுவத்துக்குத் தேவைப்பட்ட மொழி தெரிந்தவர்களையும் மருத்துவத் துறையினரையும் விசாவில் இருக்கும்போதே சேர்த்துக்கொண்டது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016-இல் அந்தக் கதவை மூடிவிட்டார்கள். உங்கள் மொழி வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள், நீங்கள் ஐந்து வருடத்தையும் முதுகையும் கொடுத்தீர்கள். அந்த ஒப்பந்தத்தில் அவர்கள் பக்கம் நிறைவேறாமல் இருக்கும் பாதிதான் இந்தப் படிப்பு. இதை இலவசம் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

1944 ஜூன் 22-இல் ரூஸ்வெல்ட் முதல் ஜி.ஐ. பில்லில் கையெழுத்திட்டார். இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதன் துணையோடு கல்லூரிக்குப் போனார்கள். அவர்களிலும் பலர் குடும்பஸ்தர்கள், பிள்ளை பெற்றவர்கள். அந்தச் சட்டத்தின் எழுத்தில் நிறபேதம் இல்லை. ஆனால் அதை நடத்தும் பொறுப்பு உள்ளூர் ஆட்களின் கையில் இருந்ததால், தென் மாநிலங்களில் கறுப்பின வீரர்கள் ஆயிரக்கணக்கில் வெறுங்கையோடு திருப்பி அனுப்பப்பட்டார்கள். சட்டத்தில் எழுதியிருப்பது கைக்கு வந்து சேர, விதியைத் தெரிந்துகொண்டு கேட்கிற ஆள் வேண்டும். நான் இவ்வளவு நீளமாக எழுதுவதும் அதனால்தான்.

சரி, இந்த வாரம் செய்ய வேண்டியது. வி.ஏ. இணையதளத்தில் வோக் ரீஹாபுக்கான 28-1900 படிவத்தை நிரப்புங்கள். அதே நாளில் ஜி.ஐ. பில்லுக்கான 22-1990 படிவத்தையும் நிரப்பித் தகுதிச் சான்று வாங்கி வையுங்கள். சான்று வாங்குவதால் மட்டும் மாதம் கழியாது. கல்லூரி உங்கள் பதிவை அனுப்பும்போதுதான் கழியும். வோக் ரீஹாப் முடிவு வரும்வரை அந்தச் சான்றை எந்தக் கல்லூரியிடமும் கொடுக்க வேண்டாம். விண்ணப்பித்துத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் விலகிவிடுங்கள். டெக்சாஸ் படைவீரர் ஆணையத்தில் இதை இலவசமாகச் செய்து தருகிறார்கள், ஹேசல்வுட் சந்தேகங்களையும் அங்கேயே கேட்கலாம். வோக் ரீஹாப் மறுக்கப்பட்டால் அந்தக் கடிதத்தைத் தூக்கிப்போடாமல் எனக்கு எழுதுங்கள். மறுத்ததற்கு அவர்கள் எழுதும் காரணத்தைப் பார்த்துவிட்டு, மறுபரிசீலனை கேட்பதா அல்லது நேரே ஜி.ஐ. பில்லில் அடுத்த பருவம் சேர்வதா என்று முடிவு செய்யலாம்.